தீவுப் பிள்ளைகள்

நாங்கள் குடிவந்த வெள்ளைக்கார நாட்டில் நான் இரண்டாம் வகுப்பு முடிக்கிற நேரத்தில், எங்கள் வகுப்பிலிருந்த கடைசி வெள்ளைக்காரப் பிள்ளையும் பள்ளியை விட்டுப் போனாள். கட்டணம் கட்டிப் படிக்கிற பள்ளிக்கு மாற்றுவதாக அவளுடைய தாய் வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார். இங்கே பிள்ளைகள் முன்புபோல இல்லையாம். அம்மா சிரித்துத் தலையாட்டிவிட்டு, காரில் ஏறியதும் கொதித்தார்.

“எங்கட பிள்ளையளைக் கண்டுதான் ஓடுகினம். நாங்கள் என்ன தொத்து நோயோ?”

அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. மறுநாளே அதைச் சினாவிடம் சொன்னேன். சினா என் பக்கத்தில் உட்காருகிறவள். சமோவாத் தீவிலிருந்து வந்த குடும்பம். என்னைவிட ஒரு தலை உயரம். விளையாட்டு நேரத்தில் யாராவது என்னைத் தள்ளினால் ஒன்றும் பேசாமல் வந்து அருகில் நிற்பாள். அது போதும்.

இரண்டு வாரம் கழித்து அம்மா, பக்கத்துப் பகுதியான கிரவீனில் இருந்த பெரியப்பாவின் முகவரியை எனக்குப் பாடமாக்கத் தொடங்கினார். அங்குள்ள அரசுப் பள்ளியில் அந்தப் பகுதிப் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்களாம். ஆகவே நான் பெரியப்பா வீட்டில் வசிக்கிறவளாக வேண்டும்.

ஏன் மாற வேண்டும் என்று கேட்டேன்.

“அங்க எங்கட பிள்ளையள் கனபேர். இங்க முழுக்கத் தீவுப் பிள்ளையள். படிப்பில அக்கறை இல்லை.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. “அப்பாவும் தீவுதானே?”

அப்பாவின் ஊர் யாழ்ப்பாணத்துக்கு அப்பால், படகில் போய்ச் சேருகிற சின்னத் தீவு. பட்டணத்துப் பள்ளிக்குப் படிக்க வந்தபோது எல்லோரும் தன்னைத் ‘தீவான்’ என்றே கூப்பிட்டதாக ஒருமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். இப்போது சிரிக்கவில்லை.

“அது வேற தீவு,” என்றார் அம்மா.

அப்பா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து புதுப் பள்ளிக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

புதுப் பள்ளியின் அலுவலகத்தில் முகவரியைப் பிழையில்லாமல் ஒப்பித்தேன். அங்கிருந்த பெண்மணி கெட்டிக்காரி என்று எனக்கொரு ஸ்டிக்கர் தந்தார்.

பழைய பள்ளியில் கடைசி நாளன்று, சினாவின் அம்மா தேங்காய்ப்பாலில் வேகவைத்த பன்களை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார். என்னை இறுக்கி அணைத்துவிட்டு, அது எந்தப் பள்ளி என்று அம்மாவிடம் கேட்டார். சினா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். அவளையும் அங்கேயே சேர்க்க வழி இருக்குமா என்றார்.

அது வெகு தூரம், உங்களுக்குக் கஷ்டம் என்று அம்மா ஆங்கிலத்தில் சொன்னார்.

நானும் ஆங்கிலத்திலேயே திருத்தினேன். இல்லை, காரில் ஏழு நிமிடம்தான், நான் மணிக்கூடு பார்த்தேன் என்று.

சினாவின் அம்மா என் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பரவாயில்லை என்று சொல்லி என் தலையைத் தடவினார். சினாவின் பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சினா மட்டும் திரும்பித் திரும்பிக் கையசைத்தாள்.

காரில் ஏறிய பிறகும் அம்மா சாவியைத் திருப்பவில்லை. என் மடியில் டப்பா சூடாக இருந்தது. ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

நான் நிமிடத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டேன், அதுதான் கோபம் என்று நினைத்தேன். புதுப் பள்ளிக்குப் போன முதல் நாள் காலையில் கவனமாக மறுபடியும் பார்த்தேன். ஏழுதான். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்குமென்று, அதை உடனே சொல்லவும் செய்தேன்.