கயிற்றில் கட்டிய நால்வர்

காலை ஆறே முக்கால். முதலில் கண்ணில் பட்டது ஒரு பச்சை நைலோன் கயிறு. லண்டன் நோர்பரியில் எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த பூங்காவின் ஈரப் புல்லில் அது நீளமாகக் கிடந்தது. உடுப்புக் காயப்போடுவதற்கென்று தமிழ்க் கடைகளில் சுருளாக விற்பார்களே, அதே கயிறு. அதன் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு குணம் அங்கிள் நின்றார். தபால் பிரிக்கும் இடத்தில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்ததால் வேலைச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. ஒரு கையில் பாதி தின்ற "பணிஸ்" இருந்தது.

"வாங்கோடா, வந்து இடுப்பைக் காட்டுங்கோ" என்றார்.

பின்வரிசையில் விளையாடும் நான்கு பேரை வரிசையாக நிறுத்தி, ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் இடையில் நாலைந்து காலடி இடைவெளி விட்டு, இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சிட்டார். நான் இடது கரையில், கயிற்றின் கடைசி ஆள். நடுவில் நின்ற அகிலன் என்ற பருத்த பெடியன்தான் கட்டளை சொல்பவன். அவன் "ஏறு!" என்று கத்தியதும் நால்வரும் ஒரே கணத்தில் முன்னே பாயவேண்டும். ஒருவன் பிந்தினால் மற்ற மூவரின் பாய்ச்சலும் அவனை இழுத்துப் புல்லில் விழுத்தும். முதல் நாள் முழுவதும் விழுந்தோம். "ஒருத்தன் நித்திரை கொண்டால் நாலு பேருக்கும் வயித்து நோ" என்று சொல்லிவிட்டுக் குணம் அங்கிள் மிச்சப் பணிஸைத் தின்றார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஊரில் போர்நிறுத்தம் நிலவிய காலம். எங்கள் வீடுகளில் "கல்லூரி" என்ற சொல்லுக்கு வெளியுலகம் கொடுக்கும் பொருள் கிடையாது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களையே கல்லூரி என்பார்கள். அகதிகளாக லண்டன் வந்து சேர்ந்த அப்பாமார், வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தாங்கள் படித்த ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம் அமைத்து, ஆகஸ்ட் மாத நீண்ட வார இறுதியில் அவற்றுக்கிடையே கால்பந்துச் சுற்றுப்போட்டியும் வைத்தார்கள். பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் பிரிவில் விதி எளியது: அப்பா எங்கே படித்தாரோ அந்தக் கல்லூரிக்குத்தான் மகன் விளையாடவேண்டும். எங்கள் மேற்சட்டையில் ஒரு கட்டடத்தின் படம் தைக்கப்பட்டிருந்தது. அணியில் ஒருவனும் அந்தக் கட்டடத்தைக் கண்டதில்லை.

இந்த விதியால்தான் சுதன் எங்களுக்கு எதிரணியானான். சுதன் என் பெரியம்மாவின் மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். மூன்று தெரு தள்ளி இருந்தான். அம்மாவும் பெரியம்மாவும் சகோதரிகள் என்றாலும் அப்பாவும் பெரியப்பாவும் வெவ்வேறு கல்லூரிகளில் படித்தவர்கள். அவன் தெருவில் நடந்து வரும்போதே, வளர்த்தவனோடு நாய் வருவதுபோலப் பந்து அவன் காலோடு வரும். வீடுகளுக்குப் பின்னாலுள்ள கராஜ் கதவொன்றில் சோக்கால் தேசிக்காய் அளவுக்கு ஒரு சின்ன வட்டம் வரைந்து, பேசிக்கொண்டே, பார்க்காமலே, திரும்பத் திரும்ப அதில் அடிப்பான். இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவனும் யாரிடமும் கேட்டதில்லை. அவனுடைய அணிக்குப் பயிற்சி என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியாது. அதன் பொறுப்பாளர் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நல்ல மேற்சட்டைகள் வாங்கிக் கொடுத்திருந்தார். அவருடைய ஆட்டத் திட்டம் முழுவதும் ஒரே வசனத்தில் அடங்கியது. "பந்தைச் சுதனிட்டக் குடுங்கோ. மிச்சத்தை அவன் பாப்பான்."

எங்கள் அணியில் அப்படி யாரும் இல்லை. முதல் நாளே குணம் அங்கிள் அதைச் சொல்லிவிட்டார். "உங்களுக்கு விளையாடத் தெரியாது. அதுக்கு நான் ஒண்டும் செய்ய ஏலாது. ஆனால் நிக்கப் பழக்கலாம். நிக்கத் தெரிஞ்சால் காணும்." அவரும் ஊரில் ஒருநாளும் முதல் அணியில் விளையாடியவர் அல்லர் என்று அப்பா சொன்னார். ஒரு நிமிடம் பிந்தி வந்தவன் அன்று கயிற்றில் சேரமுடியாது. மரத்தடியில் நின்று பார்க்கவேண்டும். அகிலனின் அப்பா ஒருநாள் கார் பழுது என்று காரணம் சொன்னபோது, "அண்ணை, எதிரிக்கு உங்கட கார் பழுதானது தெரியாது" என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு மகனை மரத்தடிக்கு அனுப்பினார்.

ஒருநாள் சுதன் பூங்கா வழியாகப் போகையில் எங்களைக் கண்டு நின்றுவிட்டான்.

"ப்ரோ, என்ன இது? மேய்க்கக் கொண்டுவந்த ஆடுகளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டவன், என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினான். "டோன்ட் வொறி தம்பி. உன்னைப் பெரிசா அவமானப்படுத்த மாட்டன்."

எல்லோரும் சிரித்தோம், குணம் அங்கிளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே "ஏறு!" என்று அவரே கத்தினார். சிரித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் ஒரே கணத்தில் முன்னே பாய்ந்தோம். ஒருவரும் விழவில்லை. சுதன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

ஜூலை நடுவில் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அவிழ்த்த பிறகும் அந்த இழுவை இடுப்பில் இருந்துகொண்டே இருந்தது. வீட்டில் அம்மா மாடிப்படியைப் பார்த்து "ஏறு, போய்ப் படி" என்றால் என் கால் முதலில் அசையும், காது பிறகுதான் கேட்கும்.

அந்தக் கோடையில் சுதனுக்கு அது வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. பள்ளிக்கூட ஆட்டமொன்றில் அவனைப் பார்த்த ஒரு தொழில்முறைக் கழகத்தின் இளைஞர் பிரிவு ஆள், பெரியப்பாவிடம் தன் அட்டையைக் கொடுத்து, எடுப்பதா விடுவதா என்று முடிவுசெய்ய முன்னர் இன்னுமொருமுறை பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். பள்ளி ஆட்டங்கள் முடிந்திருந்தன. எஞ்சியிருந்தது இந்தச் சுற்றுப்போட்டி ஒன்றுதான். அதற்கு வருவதாக ஒப்புக்கொண்டார். பெரியப்பா ஊரில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். லண்டனில் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தாலும் எல்லோருக்கும் "மாஸ்டர்" தான். அரைப் புள்ளியும் சும்மா போடாதவர் என்று அவரிடம் படித்தவர்கள் இப்போதும் சொல்வார்கள். பெரியம்மா வீட்டில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தன் முடிவைச் சொன்னார்.

"அவை எடுக்கிறம் எண்டால் நான் குறுக்க நிக்கமாட்டன். எடுக்காட்டி செப்டெம்பரில சிக்ஸ்த் ஃபோர்மில உயர்தரப் படிப்பு. அதுக்குப் பிறகு பந்துக் கதை இந்த வீட்டில இல்லை."

"ஓம் அப்பா" என்றான் சுதன். அவன் முகத்தில் கவலையே இல்லை.

"சோறு ஆறப்போகுது" என்றார் பெரியம்மா.

போட்டி நாளில் மைதானத்தின் ஓரமெல்லாம் கூடாரங்கள். கொத்துரொட்டித் தகட்டின் சத்தத்துக்கு மேலாக, யாருடைய காரோ பாதையை மறைத்து நிற்கிறது என்று ஒலிபெருக்கி அரைமணிக்கொருதரம் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் அணி ஒரு கோலும் வாங்காமல், அழகாக ஒன்றையும் செய்யாமல், இறுதியாட்டத்துக்கு வந்தது. மறுபக்கம் சுதன் ஏறக்குறையத் தனியொருவனாகத் தன் அணியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். அந்தக் கழக ஆள் மூலைக் கொடிக்கு அருகில் மழைச்சட்டையோடு நின்றார். யாரோ உபசரித்த ஆட்டிறைச்சி ரோல்ஸைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழிய நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

கோட்டு நடுவர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முந்தைய ஆண்டுகளில் எதிரணித் தாக்குதலின்போதெல்லாம் பொய்யாகக் கொடி தூக்கினார்கள் என்று பெரிய சண்டை நடந்து, கதிரைகள் பறந்திருந்தன. அதனால் சங்கங்கள் கூடி ஒரு விசித்திரமான முடிவெடுத்தன: ஒவ்வோர் அணியின் கோட்டு நடுவரும் தன் சொந்த அணி தாக்கும் பக்கத்திலேயே நிற்கவேண்டும். களவு செய்வதென்றால் தன் கல்லூரியின் பெயரில், ஊரே பார்த்திருக்க, செய்யட்டும் என்பது அதன் நியாயம். சுதனின் அணிக்கு அந்தக் கொடியை யாரிடம் கொடுப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லோரும் நம்பக்கூடிய ஆள் மாஸ்டர் ஒருவர்தான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சுதனை நோக்கி முதல் நீண்ட பந்து வந்தது. "ஏறு!" நால்வரும் முன்னே வந்தோம், பந்து உதைபட்ட கணத்தில் சுதன் எங்களுக்குப் பின்னால், தனியாக, கோல் காப்பாளரைப் பார்த்தபடி நின்றான். பந்து உதைபடும்போது கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நிற்பவன் ஓஃப்சைட், அவன் அடிக்கும் கோல் செல்லாது. பெரியப்பா கொடியை நேராக உயர்த்தினார். சுதன் அணியின் கூடாரத்தில் சிரிப்பு எழுந்தது.

"மாஸ்டர், அது உங்கட பெடியன்!"

இரண்டாவது முறையும் அப்படியே நடந்தது, மூன்றாவது முறையும். பிறகு நான் எண்ணவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது. பந்து வருமுன்பே அது விழப்போகும் இடம் சுதனுக்குத் தெரிந்துவிடும், தெரிந்த உடனே கால்கள் புறப்பட்டுவிடும். தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் அதுதான் அவனுடைய மேதைமை. இங்கே அதுவே ஒவ்வொரு முறையும் அவனைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தியது. அரை நொடி பொறுத்து ஓடு என்று யாராவது ஒருவர் சில சனிக்கிழமைகள் சொல்லிக்கொடுத்திருந்தால் எங்கள் நால்வரையும் அவன் கடைசிவரை கேலிப்பொருளாக்கியிருப்பான். பந்தைச் சுதனிடம் கொடுங்கள் என்பதற்கு மேல் அங்கே யாருக்கும் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இடைவேளைக்குப் பின் பக்கம் மாறினோம். பெரியப்பாவும் கொடியோடு மறுபாதிக்கு நடந்துபோனார். இரண்டாம் பாதி ஆட்டத்தில் ஒரு மூலை உதையிலிருந்து நாங்கள் ஒரு கோல் அடித்தோம். குணம் அங்கிள் நூறு தடவை பழக்கியது: மூவர் ஒரு பக்கம் ஓட, வெறுமையான மறுபக்கத்தில் அகிலன் தலையை வைத்தான். பந்துதான் அவனைத் தேடி வந்து மோதியது என்றும் சொல்லலாம்.

ஆட்டம் முடியும் தறுவாயில் சுதன் என்னருகே வந்து நின்றான். மேற்சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மூலையில் மழைச்சட்டைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கணத்தில் நான் தீர்மானித்தேன்: அடுத்த முறை நான் ஏறப்போவதில்லை. நான் ஒருவன் பின்னால் நின்றுவிட்டால் போதும், அவன் சட்டத்துக்குள் வந்துவிடுவான். அதற்குப் பிறகு அவனை யாராலும் பிடிக்கமுடியாது. நில், நில் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

நடுக்களத்திலிருந்து பந்து எழ முன்னர் அகிலனின் குரல் வந்தது. "ஏறு!" இடுப்பில் ஏதோ இழுத்தது. நில் என்ற சொல் மனதில் முடியுமுன்பே நான் மற்ற மூவரோடும் ஒரே கோட்டில் முன்னால் வந்து நின்றேன்.

எனக்குப் பின்னால் சுதன் பந்தை நெஞ்சில் வாங்கி, நிலத்தில் விழவிடாமல், காப்பாளரின் தலைக்கு மேலால் மெதுவாகத் தூக்கி வலைக்குள் போட்டான். நான் நேரில் கண்ட கோல்களில் அதைவிட அழகானது இல்லை. கூடாரங்கள் எழுந்து ஆரவாரித்தன. அவன் இரண்டு கைகளையும் விரித்தபடி திரும்பினான். கோட்டோரம் கொடி உயர்ந்திருந்தது.

ஆரவாரம் அடங்க, சுதன் ஓடாமல் நடந்தே அவரிடம் போனான். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

"அப்பா, ஒருக்கா."

பெரியப்பா அவனைப் பார்க்கவில்லை, களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓஃப்சைட்தான் தம்பி" என்றார்.

ஒன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தது. மழைச்சட்டைக்காரர் எங்கள் பக்கம் வந்து, இந்தப் பிள்ளைகளைப் பழக்கியது யார் என்று விசாரித்தார். ஏதோ முறைப்பாடு என்று நினைத்த குணம் அங்கிள், "நான்தான், என்ன பிழை?" என்று ஆங்கிலத்தில் கேட்டு, பிறகு கைகுலுக்கிக்கொண்டார். கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில் அந்த ஆள் பெரியப்பாவைக் கடந்துபோனார். அந்தப் பள்ளி ஆட்டத்தன்று ஒரு முறை இரவு விளக்கு வெளிச்சத்தில், அதுவும் கோட் போட்டிருக்கையில் பார்த்த மனிதரை வெள்ளைத் தொப்பியிலும் கொடியிலும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நின்று, இப்படியான போட்டிகளில் இவ்வளவு நேர்மையான கோட்டு நடுவரைத் தான் கண்டதில்லை என்று பாராட்டினார். பெரியப்பா "தாங்க் யூ சேர்" என்றார். தான் யார் என்று சொல்லவில்லை.

செப்டெம்பரில் சுதன் சிக்ஸ்த் ஃபோர்முக்குப் போனான். கணக்கு, மேலதிகக் கணக்கு, பௌதிகம். மூன்றிலும் நன்றாகவே செய்தான். வீட்டில் பந்துக் கதை எழவில்லை. எழக்கூடாது என்று யாரும் யாரையும் தடுத்ததாகவும் எனக்கு நினைவில்லை.

சில ஆண்டுகளில் அந்த வயதுப் பிரிவே நின்றுபோனது. ஒரு கல்லூரிக்கென்று பதினொரு பெடியன்கள் சேரவில்லை. சேர்ந்தவர்களுக்கு அப்பா எங்கே படித்தார் என்று தெரியவில்லை. மைதானத்தில் கோல் கம்பங்கள் இருந்த பக்கம் இப்போது வேலி அடைத்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கியிருக்கிறார்கள். குணம் அங்கிள் மகளோடு டொரோண்டோவுக்குப் போய்விட்டார். பெரியப்பா ஓய்வுபெற்று, வாரத்தில் இரண்டு நாள் லூயிஷாமில் இருக்கும் சுதன் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருகிறார்.

அந்தப் பிள்ளைகள் இருவரும் நீச்சல் பழகுகிறார்கள்.