நான்தான் அந்த அக்கா

எங்கள் பட்டறையில் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவோம். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற பட்டறை. ஊசிக்குப் பஞ்சமில்லாத இடத்தில் ஒருத்திக்கு மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதென்றால் அதற்குக் காரணம் அவள் நாக்கு. உறையில் சுருக்கம் விழுகிறது என்று முதலாளி குறை சொன்னால், நீங்கள் வாங்கிப் போட்ட ரெக்சின் மட்டம் என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். கோபம் எப்போதும் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். ஆனால் அந்தக் கோபத்தைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டவள் இல்லை. சம்பளம் தள்ளிப்போனால் எங்கள் எல்லோருக்கும் சேர்த்துப் போய்க் கேட்பவள் அவள்தான்.

அவளுடைய வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. தடித்த ரெக்சினை இத்தனை வருஷம் இயந்திரத்துக்குள் தள்ளித் தள்ளி வந்த வினை. கட்டைவிரலை மடக்கினால் உயிர் போய் உயிர் வந்தது. இனிமேல் தையல் இயந்திரத்தில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரியானதும் வாம்மா என்று முதலாளி அனுப்பிவைத்தார். சரியாகாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

வீட்டில் சும்மா உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. துடைத்த மேசையையே துடைத்தாள். கணவரிடம் பேசியதையே பேசினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் வேலை செய்துவிட்டு வருகிறவர், பேச்சு குறைவு. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுத் தட்டில் கை வைத்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை வந்தாள். அம்மா போனபிறகு ஊசியே தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்த தங்கை. கண்ணாடிக் கடையில் விற்பனைக்கு நின்றவள். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். இப்போது போனிலேயே தொழில் செய்கிறேன் என்றாள். பயண உறுப்பினர் திட்டமாம். ஒரு தடவை பணம் கட்டிச் சேர்ந்துவிட்டால் எந்த ஊர் ஓட்டலிலும் பாதி விலையில் அறை, விமான டிக்கெட்டில் தள்ளுபடி. நாலு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன். அந்த நாலு பேர் இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் அதிலும் பங்கு. வீட்டை விட்டு நகர வேண்டாம், மணிக்கட்டுக்கு வேலையே இல்லை என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தைதான் ஊசியைத் தொட்டது. எடுத்த எடுப்பிலேயே சிரித்துத் தள்ளியிருப்பாள் என்று நாங்கள் நினைத்தோம். அப்படி இல்லை என்று அவளே சொன்னாள். ஊரெல்லாம் உட்கார்ந்து போக இருக்கை தைத்துக் கொடுத்தவள், தான் எங்கும் போனதில்லை. ஒரு மனசு ஆசைப்பட்டது. இன்னொரு மனசு கேள்வி கேட்டது.

நீ இதுவரைக்கும் எங்கே போனாய் என்று தங்கையிடம் கேட்டாள். தொழிலைக் கட்டி எழுப்புகிற நேரத்தில் ஊர் சுற்ற முடியுமா என்று பதில் வந்தது. சரி, அந்த இணையதளத்தைத் திற, ஏதாவது ஒரு ஓட்டலைக் காட்டு என்றாள். தங்கை காட்டினாள். ஊசி அந்த ஓட்டலின் எண்ணைத் தேடி எடுத்து நேராகவே போன் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண் சொன்ன வாடகை, உறுப்பினர் விலையைவிடக் குறைவு. காலைச் சாப்பாடும் சேர்த்து. இன்றைக்கு ஏதோ விசேஷச் சலுகை போலிருக்கிறது என்றாள் தங்கை. இன்னொரு ஓட்டலுக்குப் போட்டாள். அங்கேயும் அதே கதை.

"உனக்கு வர்ற கமிஷன் ரூம் புக் பண்ணினா வருதா, ஆள் சேர்ந்தா வருதா?"

"ஆள் சேர்ந்தாதான்க்கா."

"அப்ப நீ விக்கிறது டூர் இல்லடி. ஆளை விக்கிறே."

தங்கைக்கு முகம் தொங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் கூட்டம் இருக்கிறது, அதை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய் என்று ஒரு இணைப்பை அனுப்பிவிட்டுப் போனாள். அக்கா பார்க்க மாட்டாள் என்று தங்கை நினைத்தாளோ என்னவோ. பின்னால் யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது என்றாள் ஊசி.

ஞாயிறு மத்தியானம் கணவருடைய போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன். கோச் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். மாதச் சம்பளத்துக்குப் போகிறவன் அடிமை என்றான். கனவு காணப் பயப்படுகிறவன்தான் கணக்குக் கேட்பான் என்றான். அப்போதே அவளுக்கு ரத்தம் சூடேற ஆரம்பித்துவிட்டது. தன் கணவரின் கிரீஸ் படிந்த நகங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு அவன் தங்கையைப் பேசக் கூப்பிட்டான்.

தங்கை குரல் தழுதழுக்கப் பேசினாள். தனக்கு ஒரு அக்கா இருப்பதாகவும், தைத்துத் தைத்துக் கை போய்விட்டதாகவும், வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்றும் சொன்னாள். அதுவரை ஓரளவுக்கு உண்மை. அந்த அக்கா இந்தத் திட்டத்தில் சேர்ந்து, இன்று மாமாவோடு விமானத்தில் போய்க் கடற்கரையில் கால் நனைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முடித்தாள். திரையில் ஒரு படம் வந்தது. ஊசியும் கணவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். பின்னால் நீலக் கடல். அவள் கையில் டாக்டர் கொடுத்த மணிக்கட்டுப் பட்டை அப்படியே இருந்தது.

கணவர் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் நிறுத்தினார். "இது உன் தங்கச்சி வீட்டு மொட்டை மாடில எடுத்ததுல்ல? பின்னால துணி காயப் போட்டிருந்தாங்களே."

ஊசி மைக்கைத் தட்டினாள்.

"நான்தான் அந்த அக்கா. நான் இதுல சேரவே இல்ல. எந்தக் கடலையும் பார்க்கல. கை இன்னும் வீங்கித்தான் இருக்கு, வேணும்னா காட்டறேன்."

கோச் சிரித்த முகம் மாறாமல், அக்காவுக்கு நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்றான். அடுத்த நொடி திரை காலியாகிவிட்டது. அவளை வெளியே தள்ளிவிட்டார்கள்.

கட்டியிருந்த உடையோடு பஸ் ஏறினாள். கணவர் கையைக்கூடக் கழுவாமல் பின்னாலேயே ஓடிவந்தார். தங்கை வீட்டுக் கதவை அவள் தட்டிய தட்டில் எதிர்வீட்டுக் கதவுதான் முதலில் திறந்ததாம்.

தங்கை அழுதாள். ஆள் சேரவில்லை என்று கோச்சிடம் புலம்பினேன், அக்கா கைவலி பற்றியும் சொல்லி அழுதேன், இதுதான் உன் கதை என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார், படத்தையும் அவரே மாற்றி அனுப்பினார் என்றாள். கேட்கக் கேட்க ஊசிக்கு அவன்மேல்தான் வயிறு எரிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் தங்கை தப்பித்திருப்பாள். நிறுத்தவில்லை.

"அன்னைக்கே நீ சேர்ந்திருந்தா இது பொய்யாவே இருந்திருக்காதுக்கா."

"என் வலி உனக்குச் சரக்காடி?" என்றாள் ஊசி. அதற்குமேல் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று அவள் கணவர் பிறகு எங்களிடம் சொன்னார். இந்தக் கதையைச் சொல்லி யார் யாரைச் சேர்த்தாய் என்று கேட்டாள். மூன்று பேர். மருந்துக்கடை அம்மா, டியூஷன் டீச்சர், தங்கை புருஷனோடு வேன் ஓட்டுகிற ஒருவர்.

"செருப்பைப் போடு. கிளம்பு."

மருந்துக்கடையில் தங்கையையே சொல்ல வைத்தாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கடைக்கார அம்மா அந்தக் கடற்கரைப் படத்தைத் தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். திட்டவில்லை. உன் முகத்தைப் பார்த்துத்தானே சேர்ந்தேன் என்று மட்டும் கேட்டுவிட்டு, வந்தவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கத் திரும்பிக்கொண்டாள். வேன் ஓட்டுநர் வாய்க்கு வந்தபடி பேசினார். ஊசி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். தங்கையையும் கேட்க வைத்தாள்.

டியூஷன் டீச்சர்தான் வேறு மாதிரி. முழுக்கக் கேட்டுவிட்டு, கதவைப் பாதி சாத்தியபடி ஊசியைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்களால முடியலேன்னா விட்டுடுங்க. தங்கச்சி முன்னேறினா ஏன் உங்களுக்குப் பொறுக்க மாட்டேங்குது?"

படியிறங்கும்போது தங்கை மெதுவாக, பார்த்தியா என்றாளாம். கணவர் மட்டும் நடுவில் நுழையாமல் இருந்திருந்தால் அன்றைக்குக் கன்னம் பழுத்திருக்கும்.

போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மருந்துக்கடை அம்மாவுக்கும் வேன்காரருக்கும் அலைய விட்டு, திட்டத்துக்காரர்களிடமிருந்து கொஞ்சம் பணம் திரும்ப வந்தது. டீச்சர் இன்னமும் அதில்தான் இருக்கிறாள்; எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறாள். கோச் இப்போது வீட்டிலிருந்தே பங்குச்சந்தை கற்றுத் தருகிறானாம். அதே வெள்ளைச் சட்டை.

அந்தக் கோபத்தின் சூடு ஆறுவதற்குள் ஊசி எங்கள் பட்டறைக்கு வந்தாள். முதலாளி மேசை முன்னால் நின்று, தைக்க முடியாது, ஆனால் அளவெடுத்துக் குறி போட முடியும், தைத்ததைச் சரிபார்க்க முடியும், இருபது வருஷம் வேலை வாங்கிய கைக்கு ஒரு இடம் கொடுக்க முடியுமா முடியாதா என்று கேட்டாள். அவர் பாதிச் சம்பளம் என்றார். அவள் சண்டை போட்டாள். முக்காலில் வந்து நின்றது. அதற்கும் அவளுக்குக் கோபம்தான்.

தங்கைக்கு வேறொரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. பல மாதம் இரண்டு பேரும் பேசவில்லை. இப்போது விடுமுறை நாளில் வந்து போகிறாள். ஒருநாள் டீ குடிக்கும்போது, மனசு வந்து மன்னித்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று நான் கேட்டுவிட்டேன்.

"பேசறேன். சோறு போடறேன். மன்னிச்சேன்னு உனக்கு யார் சொன்னது?" என்றாள். அன்று முழுவதும் என்னோடும் பேசவில்லை.