சேனாபதி பிடித்து வைத்த இடம்

சேனாபதிக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வித்தை இடம் பிடிப்பது. டேட்டாபேஸ் வேலையும் தெரியும்தான், பதினெட்டு வருடம் அதில்தான் சம்பாதித்தார். ஆனால் நியூ ஜெர்சியில் எங்கள் ஊரான வெஸ்ட் வின்ட்சரில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவா, பிள்ளைகளின் ஆண்டு விழாவா, ஒரு மணி நேரம் முன்னால் போய் முன்வரிசையில் சால்வை, ஸ்வெட்டர், குடை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டு வைத்திருப்பார். நாங்கள் சாவகாசமாகக் கடைசி நிமிஷத்தில் காபியோடு வந்து உட்காருவோம். ஈரோட்டில் டவுன் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பழகிய கை அது.

நாற்பத்தாறு வயது. குள்ளம். சட்டையை எப்போதும் டக்-இன் பண்ணியிருப்பார். யார் வீடு மாற்றினாலும் சோபாவின் கனமான பக்கத்தைத் தூக்குவது அவர். பிறந்தநாள் பார்ட்டிகளில் போட்டோ எடுப்பதும் அவர், அதனால் எந்த போட்டோவிலும் இருக்க மாட்டார். என் மாமனார் செத்த அன்று, கொட்டுகிற பனியில் என் மனைவி ஷ்யாமளாவை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். நான் அன்றைக்கு மீட்டிங்கில் இருந்தேன். அதிலிருந்து அவளுக்கு அவர் 'சேனா அண்ணா'. எனக்கோ அந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எரிச்சல். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் நின்றால் நம்முடைய லட்சணம் நமக்கே தெரிந்துவிடுகிறது.

போன ஆகஸ்ட் முதல் தேதி அவருக்கு வேலை போயிற்று. கிரீன் கார்டு வரிசையில் பதிமூன்று வருடமாக நிற்கிறவர். இங்கே அந்த நிலைமையில் வேலை போனால் அறுபது நாள் கொடுப்பார்கள். அதற்குள் வேறொரு கம்பெனி உங்களுக்காக மனு போட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அறுபதாம் நாள் செப்டம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை. மகள் மாளவிகா பள்ளிக் கடைசி வருடம். அவள் இங்கே பிறந்தவள், அதனால் அவள் இருக்கலாம். சேனாபதியும் அவர் மனைவி நாகமணியும் இருக்க முடியாது.

பத்ரி இருக்க என்ன பயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பத்ரி எங்கள் கூட்டத்தில் பெரிய ஆள், இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் டைரக்டர். "என் டீம்ல ஒரு position இருக்கு சேனாபதி, அது உனக்குத்தான். நிம்மதியா தூங்கு" என்று ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தான். சேனாபதி நிம்மதியாகத் தூங்கினாரா தெரியாது. பத்ரி வீட்டு கராஜை மட்டும் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒழுங்கு பண்ணிக் கொடுத்தார்.

அந்தச் செப்டம்பர் கடைசியில்தான் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் கோல்ஃப் போட்டி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அமெரிக்க அணிக்கும் ஐரோப்பிய அணிக்கும் நடக்கிறது. பத்ரிக்கு சனிக்கிழமைக்கு நான்கு டிக்கெட் கிடைத்தது. பத்ரி, நான், எங்கள் கூட்டத்து ஃபிரெடி. நான்காவது ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"சேனாபதியைக் கூப்பிடு. இடம் பிடிக்க ஆள் வேணும்ல" என்றான் பத்ரி. நாங்கள் சிரித்தோம். இருட்டோடு கிளம்பினோம். காரில் எங்கள் மூன்று பேர் டீ-ஷர்ட்டிலும் அமெரிக்கக் கொடி. சேனாபதி தன் பங்குக்குக் கொடி போட்ட தொப்பி ஒன்று வாங்கி வந்திருந்தார்.

"நாடு இல்லாட்டி என்ன மச்சான், தொப்பி இருக்குல்ல" என்றான் ஃபிரெடி. சேனாபதியும் கூடவே சிரித்தார்.

புரட்டாசிச் சனிக்கிழமை. நாகமணி விடியுமுன் எழுந்து நான்கு பேருக்கும் புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள். வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்று வாசலில் செக்யூரிட்டிக்காரன் டப்பாவோடு வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். உள்ளே கோழி, மாடு, பன்றி எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம், எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம். புரட்டாசியில் அதையெல்லாம் தொட மாட்டார் சேனாபதி. ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் போட்டியில் பெருமை முதல் குழியில்தான். ஆட்டக்காரர்கள் முதல் பந்தை அடிக்கிற இடத்தைச் சுற்றி ஸ்டேடியம் மாதிரி படிப்படியாக இருக்கைகள் கட்டியிருப்பார்கள். காலையில் ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று, இரண்டும் அங்கிருந்துதான் தொடங்கும். கேட் திறந்ததும் சேனாபதி ஓடினார் பாருங்கள், நாற்பத்தாறு வயது ஓட்டமா அது! நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நான்காவது வரிசையில், நேர் எதிரே, நான்கு இடம். அமெரிக்கர்களே வாயைப் பிளந்தார்கள்.

காலைச் சுற்று கிளம்பி முடிந்தபோது மணி எட்டு. ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் போய்விட்டார்கள். இனி மத்தியானம் பன்னிரண்டரைக்குத்தான் மறுபடி அங்கே வேடிக்கை.

"நாங்க ஒரு ரவுண்டு follow பண்ணிட்டு வரோம். நீ seat-ஐப் பாத்துக்கோ" என்றான் பத்ரி.

"போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறனுங்க" என்றார் சேனாபதி. எங்கள் மூன்று இருக்கைகளிலும் அவருடைய ஜாக்கெட், மழைக்கோட்டு, பையிலிருந்து எடுத்த ஈரிழைத் துண்டு. சத்தியமாகச் சொல்கிறேன், துண்டு.

அந்த ஊரில் துண்டு செல்லாது. வெறும் இருக்கையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது அங்கே சட்டம். எங்களுக்கும் அது தெரியும்.

நாங்கள் கயிறோரம் நடந்தோம், பீர் குடித்தோம். ஐரோப்பிய ஆட்டக்காரன் ஒருவன் பந்தடிக்கக் குனிந்தபோது அவன் தொப்பையைப் பற்றி, அவன் பெண்டாட்டியைப் பற்றிக் கூட்டம் என்னவெல்லாமோ கத்தியது. நம் ஊரில் அப்படிக் கத்தியிருந்தால் பல்லைக் கழற்றியிருப்பார்கள். நாங்களும் சேர்ந்து கத்தினோம். ஃபிரெடிக்குத் தொண்டையே கட்டிவிட்டது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

பத்தேமுக்காலுக்கு முதல் குழிப் பக்கம் திரும்பி வந்தால், அங்கே ஒரே கோஷம். இரண்டாயிரம் பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், பொழுது போகவில்லை. நடுவில் மூன்று காலி இருக்கைகளுக்குக் காவலாக, கொடித் தொப்பி போட்ட ஒரு குள்ள மனிதர் கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போதாதா?

"வேர் ஆர் யுவர் ஃப்ரெண்ட்ஸ்!" என்று ஒரு பக்கம் கத்த, கைதட்டு. "யூ காட் நோ ஃப்ரெண்ட்ஸ்!" என்று மறுபக்கம். ஒருவன் எழுந்து நின்று நடத்துநர் மாதிரி கையாட்டி நடத்துகிறான். சேனாபதி எல்லோருக்கும் சேர்த்து ஒரு விரலைக் காட்டி, "ஒன் மினிட், ஒன் மினிட், தே ஆர் கமிங்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரோ எறிந்த பாப்கார்ன் தோளில் கிடக்கிறது. நாங்கள் கீழே வேலி ஓரம் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் போனை எடுத்து வீடியோ பிடித்தேன்.

அப்போதுதான் பத்ரி என் காதோரம் சொன்னான். "பாவம்டா. அந்த position புதன்கிழமையே close ஆயிடுச்சு. வேற ஒருத்தனைப் போட்டுட்டாங்க."

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இப்ப சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான், day waste. Monday சொல்லிக்கறேன்."

நான் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பத்ரியும் ஃபிரெடியும் இன்னொரு பீர் வாங்கப் போனார்கள். போன் அடித்தது. சேனாபதி. குரலைத் தாழ்த்திப் பேசினார், பின்னால் கோஷம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வெங்கி சார், டெக்சாஸ்ல காப்பெல்ங்கற ஊர்ல இருந்து ஜெபதாஸ்னு ஒருத்தர் கூப்பிட்டாருங்க. சின்ன கன்சல்டிங் கம்பெனி. பேப்பர் எல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்காரு, என் கையெழுத்துதான் பாக்கி. சம்பளம் பாதிதானுங்க, டெக்சாஸ் போகோணும், மாளவிகாவுக்கு ஸ்கூல் மாத்தோணும். பன்னெண்டு மணிக்குள்ள சொல்லாட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாராம். ரெண்டு பேர்கிட்டயும் தலையாட்டறதுக்கு எனக்கு வராதுங்க. பத்ரி சாருது உறுதிதானுங்களே? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா? நானே வந்து கேட்டுருவேன், எந்திரிச்சா seat போயிரும்."

கேட்டீர்களா? எழுந்து வந்தால் சீட் போய்விடுமாம்.

பத்ரிக்கு மெசேஜ் அனுப்பினேன். சிரிக்கிற மூஞ்சி ஒன்றும் 'tell him relax' என்பதும் பதிலாக வந்தது. எனக்கு உண்மை தெரியும். தெரிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அங்கேயே அழுவார், அல்லது ரயில் ஏறிப் போய்விடுவார். மத்தியானச் சுற்றை எந்த மூஞ்சியோடு பார்ப்பது? நான்காவது வரிசை, நேர் எதிரே. காரணம் இதுதான். வேறு நல்ல காரணம் தேடிப் பார்த்து நானும் அலுத்துவிட்டேன்.

"Relax-ஆ இருங்க சேனாபதி. பத்ரி பாத்துப்பான்" என்றேன்.

"ரொம்ப தேங்க்ஸுங்க" என்றார். "அப்ப ஜெபதாஸ்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன். வயித்துல பால வார்த்தீங்க."

பன்னிரண்டு இருபதுக்கு நாங்கள் போய் உட்கார்ந்தோம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, அவருக்கு நண்பர்கள் வந்துவிட்டார்களாம். நாலரை மணி நேரம் அவர் பாத்ரூம்கூடப் போகவில்லை. எழுந்து நின்றபோது கால் மரத்துப்போய்த் தடுமாறினார். அவர் போய் வருவதற்குள் அவர் இடத்தில் ஒரு தடியன் உட்கார்ந்துவிட்டான். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சேனாபதி பின்னால் படிக்கட்டில் நின்றபடியே பார்த்தார். கால் மணிக்கு ஒருமுறை நான்கு பேர் வந்து ஆளுக்கொரு பந்தை அடித்துவிட்டுப் போனார்கள். பந்து எங்கே விழுந்தது என்று எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை.

திரும்பும் வழியில், "என்னை வச்சுப் பாட்டெல்லாம் பாடினாங்களே, வீடியோ எடுத்தீங்களா? எனக்கும் அனுப்புங்க, மாளவிகா பாத்துச் சிரிக்கட்டும்" என்றார். காரில் இருந்தபடியே அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை பத்ரி அவருக்கு போன் பண்ணிச் சொன்னான். 'கடைசி நேரத்தில் கம்பெனி கையை விரித்துவிட்டது' என்றானாம். சேனாபதி உடனே காப்பெல்லுக்கு அடித்திருக்கிறார். ஜெபதாஸ் சனிக்கிழமையே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். "ஒரு நாள்கூட மீறி இருக்கக் கூடாதுங்க, அப்புறம் எப்பவும் உள்ள விட மாட்டாங்க" என்று செவ்வாய்க்கிழமைக்கே டிக்கெட் போட்டுவிட்டார். பதினெட்டு வருட வீட்டை ஒரு நாளில் எப்படிக் காலி பண்ணுவது? பாதியை அப்படியே விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

திங்கள் சாயங்காலம் மூன்று பேரும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். மாளவிகாவின் கையில் இரண்டு பெட்டி. நாகமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஷ்யாமளா அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, "என் பொண்ணு மாதிரி வச்சுக்கறேன் அண்ணா, நீங்க கவலையே படாதீங்க" என்று அழுதாள்.

சேனாபதி அழவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அவரிடம் அதுவரை பார்த்ததில்லை.

"நாலரை மணி நேரம் உங்களுக்கு இடம் பிடிச்சு வச்சேனுங்க, வெங்கி சார்" என்றார். "எம்பொண்ணுக்கு ஒன்பது மாசம் பிடிச்சு வைங்க."

அவர்கள் போனதும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அந்த வீடியோவை முதல்முறையாகச் சத்தத்தோடு ஓட்டினேன். இரண்டாயிரம் பேர் கோஷம் போடுகிறார்கள், அவர் ஒரு விரலைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கு மேலாக, போனுக்குப் பக்கத்தில் நின்ற பத்ரியின் குரல் தெள்ளத் தெளிவாக. புதன்கிழமையே close ஆயிடுச்சு. பிறகு என் குரல், சிரிப்போடு: "ஆமாமா, இப்பப் போய்ச் சொல்லித் தொலைக்காதே. மத்தியானம் வரைக்குமாவது seat-ஐப் பிடிச்சு வைக்கட்டும்."

மேலே நேரமும் பதிவாகியிருக்கிறது, பத்து நாற்பத்தெட்டு. அவர் என்னைக் கூப்பிட்டது பதினொன்று பத்துக்கு.

மாளவிகா இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறாள். ஷ்யாமளாவிடம் சளசளவென்று பேசுகிறாள். நான் ஹாலுக்குள் வந்தால் பேச்சு நிற்கிறது. "இந்தப் பொண்ணு ஏன் உங்ககிட்ட மட்டும் பேசவே மாட்டேங்குது? அவ அப்பாவை நினைச்சு நாமதான் தாங்கணும், கொஞ்சம் அன்பாத்தான் பேசுங்களேன்" என்று ஷ்யாமளா என்னைக் கடிந்துகொள்கிறாள்.

போன வாரம் மழை. பள்ளிக்கு நான் டிராப் பண்ண வேண்டியிருந்தது. காரில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "மாளவிகா, அந்த வீடியோவை டெலீட் பண்ணிடேம்மா. பிளீஸ்."

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். அவள் அப்பாவின் அதே பணிவான குரல். "நோ, அங்கிள். அப்பா டோல்ட் மீ, நாட் டில் ஐ கிராஜுவேட். தென் ஐ கேன் ப்ளே இட் ஃபார் ஷ்யாமளா ஆன்ட்டி."

பட்டமளிப்பு ஜூன் மாதம். பெற்றவர்களுக்கு விசா கிடைக்காது, அவர்களுக்கான இரண்டு இருக்கைகளில் நானும் ஷ்யாமளாவும்தான் உட்கார வேண்டும். அன்றைக்குச் சீக்கிரமே போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிட வேண்டும் என்று ஷ்யாமளா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.