தூசி செய்யாத குற்றம்

அரியலூரில் எது கெட்டாலும் தூசி மேல்தான் பழி. கடிகாரம் நின்றாலும் தூசி, மாமியார் இருமினாலும் தூசி. 1987-ல் எங்கள் சிமெண்ட் ஆலைக்கு வந்த கம்ப்யூட்டர் தினமும் மக்கர் செய்தபோதும் மேனேஜர் வெள்ளைச்சாமி அதையேதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பரை அடிக்கிற கிளார்க் நான். டிரைவர்களின் வசவெல்லாம் என் தலையில்தான் விழுந்தது.

அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டவன் மரிய செல்வம். ஏலாக்குறிச்சிக்காரன். ஆறு மாதத்தில் நிரந்தரம் என்ற வாக்கை நம்பி, கையில் இருந்த வாத்தியார் வேலையை விட்டு வந்தவன். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவான். பிழைக்கத் தெரியாத பயல்.

இருபது லாரி போகும். அடுத்த லாரிக்கு, புது வேலை தொடங்க இடமில்லை என்று திரை கையை விரித்துவிடும். மெஷினை அணைத்துப் போட அரை மணி நேரம் ஆகும். மூன்று வாரம் கதவில் ஈரச் சாக்கு கட்டி, துடைத்துத் துடைத்து அவன் கையே தேய்ந்துபோனது. ஒரு மாற்றமும் இல்லை.

ஒருநாள் மெஷினை அணைக்காமல், லாரி புரோகிராமை மட்டும் நிறுத்தி மறுபடி ஓட்டினான். உடனே சரியாகிவிட்டது.

"புரோகிராமை நிறுத்துனா தூசி எந்திரிச்சுப் போயிடுமாண்ணே?" என்று என்னைக் கேட்டான்.

பிறகு அவனே விளக்கினான். மெஷினுக்குள் கெர்னல் என்று ஒன்று, யார் யாரைப் பெற்றது என்று பட்டியல் வைத்திருக்குமாம். ஒவ்வொரு லாரிக்கும் தாய் புரோகிராம் ஒரு பிள்ளையைப் பெறும். பிள்ளை சீட்டை அச்சடித்துவிட்டுச் செத்துப்போகும். ஆனால் பெற்றது வந்து என்ன ஆயிற்று என்று விசாரிக்கும்வரை கெர்னல் அதைப் பட்டியலிலிருந்து எடுக்காது. எங்கள் தாய் விசாரிக்கவே இல்லை. செத்ததுகளே இடத்தை அடைத்துக்கொண்டன. செத்ததை மறுபடி கொல்லவும் முடியாது. தாயை நிறுத்தினால்தான் மெஷினின் முதல் புரோகிராம் அந்த அனாதைகளை ஏற்றுக்கொண்டு கரையேற்றும்.

விசாரிக்கிற வரி புரோகிராமில் முதலில் இருந்ததுதான். அச்சு முடியும்வரை தாய் காத்திருந்ததால் லாரிகள் நின்றன. "எதுக்குய்யா இது காத்துக்கிட்டு நிக்கிது? அந்த வரியத் தூக்கிடு" என்று வெள்ளைச்சாமி என் பக்கத்தில் நின்றுதான் கத்தினார். செல்வம் தயங்கித் தயங்கித்தான் தூக்கினான்.

இப்போது, அடுத்த லாரி வரும்போது முந்தின பிள்ளையை விசாரிக்கும்படி மாற்றி எழுதினான். மறுநாள் நூற்றுப் பன்னிரண்டு லாரி போயின. ஒரு தடங்கலும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நிரந்தர ஆர்டர் கைக்கு வந்திருக்கும். இவன் நேரே மேனேஜரிடம் போனான். லாரிக் கணக்கோடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

"தூசி இல்லீங்க சார். புரோகிராம்ல ஒரு வரி இல்லாமப் போயிடுச்சு."

"யாரு எடுத்தது?"

"நான்தான் சார். நீங்க எடுக்கச் சொன்னீங்கன்னு..."

"நானா? நான் எப்பய்யா சொன்னேன்?" என்ற வெள்ளைச்சாமி என் பக்கம் திரும்பினார். "பஞ்சநாதன், நீ அங்கதான இருந்த? நானா சொன்னேன்?"

செல்வமும் என்னைப் பார்த்தான். எனக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இரண்டு பேர்.

"ஞாபகம் இல்லீங்க சார்" என்றேன்.

ஆர்டர் வரவில்லை. மாதக் கடைசியில் செல்வம் தகரப் பெட்டியோடு கேட்டைத் தாண்டும்போது, "போயிட்டு வரேண்ணே" என்றான். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அன்றோடு ஆறியிருக்கும்.