முதல் பாதி அவளுடையது

அந்த வீட்டில் எதையும் ஆரம்பித்து வைப்பது அவள்தான். கல்யாணப் பேச்சைக்கூட அவள்தான் ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் கலைந்துகொண்டிருந்தபோது பின்னாளில் புருஷனான அவரிடம் நேராக வந்து, "உங்க மாட்டுக்குக் கால் வீக்கம் வத்திடுச்சா?" என்று கேட்டாள். "வத்திடுச்சு" என்றார். அவர்களுடைய காதல் கதை மொத்தமும் அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த நிலத்துண்டில் எதை விதைப்பது, மாட்டுக் கொட்டகைக்கு எப்போது கூரை மாற்றுவது, பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது எல்லாமே முதலில் அவள் வாயிலிருந்துதான் வரும். அவர் யோசிப்பார், தலையாட்டுவார், பிறகு பேச்சில்லாமல் உழைத்து முடித்துக் கொடுப்பார். சண்டையும் அப்படித்தான். அவள் தொடங்குவாள், அவர் எழுந்து வயலுக்குப் போய் அதை முடித்து வைப்பார்.

ஜெபத்திலும் அதே ஏற்பாடு. சாயங்காலம் பால் வண்டி வந்து போன பிறகு, கைகால் கழுவிக்கொண்டு, சமையலறை மேசையைச் சுற்றிக் குடும்பம் மொத்தமும் முழங்காலில் நிற்கும். ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மந்திரம். அதன் முதல் பாதியை ஒருவர் சொல்ல வேண்டும், மறுபாதியை மற்றவர்கள் பதிலாகச் சொல்ல வேண்டும். 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று அவள் எடுத்துக் கொடுப்பாள். 'அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே' என்று அவரும் பிள்ளைகளும் வாங்கிக்கொண்டு, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்டு ஆமெனில் முடிப்பார்கள். பகல் முழுவதும் டிராக்டரில் குலுங்கிய உடம்பு அவருக்கு. நாற்காலி விளிம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்தால் தூக்கம் வந்து அப்பிக்கொள்ளும். ஆனால் எத்தனை ஆழ்ந்த தூக்கத்திலும் ஆமென் மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை. பிள்ளைகள் இதை வெளியே போய்ச் சொல்லிவைக்க, அக்கம்பக்கத்தில் அவருக்கு 'ஆமென்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளைப் பால்காரம்மா என்பார்கள்.

பால்காரம்மாவைச் சாந்தசொரூபி என்று யாராவது நினைத்தால் அவர்கள் அவளிடம் பால் வாங்கியதில்லை என்று அர்த்தம். கோபம் மூக்குக்கு மேல் வரும். பிரசங்கம் நீண்டுபோனால் பூசை முடிந்ததும் சாமியாரிடமே போய், மடி கனத்த மாடு பிரசங்கத்துக்காகக் காத்திருக்காது என்று சொல்லிவிட்டு வருவாள். சாமியாரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்; மறு வாரம் கொஞ்சம் சுருக்குவார்.

விடியற்காலையில் பால் கறக்கும்போது அவள் தனக்கென்று இன்னொரு ஜெபமாலை சொல்லுவாள். கை காம்பில் இருப்பதால் மணி உருட்ட முடியாது; மனக்கணக்குத்தான். நடுநடுவே மாட்டையும் அதட்டியாக வேண்டும். கொட்டகையிலேயே ஒரு தொட்டிலில் கிடந்து, இதைக் கேட்டே வளர்ந்த அவர்களுடைய மகள், ஞானோபதேச வகுப்பில் முதல் தடவை எழுந்து நின்று, "அருள் நிறைந்த மரியே வாழ்க, காலை நகத்துடி, கர்த்தர் உம்முடனே" என்று கணீரென்று ஒப்பித்தாள். வகுப்பு எடுத்த கன்னியாஸ்திரிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு விஷயம் வந்ததும் பால்காரம்மா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. மாதாவும் ஒரு வீட்டை நடத்தினவள்தானே, அவளுக்குத் தெரியாதா என்றாள். பேரப்பிள்ளைகள் வந்தபோது கொஞ்சம் தந்திரம் பிடித்தாள். ஜெபமாலையில் பத்து மணியைக் கொட்டாவி விடாமல் முடிக்கும் பிள்ளைக்குப் பாலேடு. அந்தப் பிள்ளைகள் கொட்டாவியை மூக்கு வழியாக விடக் கற்றுக்கொண்டார்கள்.

அவர்களுக்கு இரண்டாவதாகப் பிறந்த பையன் ஒரு வயதைத் தாண்டவில்லை. அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று சாயங்காலமும் அவள் மேசைப் பக்கம் முழங்காலில் நின்றாள். முதல் பாதியைச் சொன்னாள். அவருக்கு வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபாதியையும் அவளே சொன்னாள். அன்று முழு ஜெபமாலையையும் அப்படியே ஒற்றை ஆளாகச் சொல்லி முடித்தாள்.

ஒருவேளை அதனால்தானோ என்னவோ, ஆள் சாகக் கிடக்கும் வீடுகளுக்கு அவளைக் கூப்பிடத் தொடங்கினார்கள். யார் வீட்டில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாலும் ஆள் வந்து நிற்கும். பால் கறக்கக் கட்டிய ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் போவாள். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, போகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஜெபத்தை எடுத்துக் கொடுப்பாள். அழுதுகொண்டிருக்கும் வீடு மெல்ல மெல்லப் பதில் சொல்லத் தொடங்கும். பால் வாசனையோடு அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரை வழியனுப்பி வைத்தவள் அவள். ஒரு தடவை ஒரு தச்சர் வீட்டில் ஆள் அனுப்பி அவள் போய்ச் சேருவதற்குள் தச்சர் போய்விட்டார். ஜெபம் சொல்ல ஆள் தேடி எல்லாரும் ஓடியதில், கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் யாருமே இல்லை. அன்று திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே புருஷனிடம் சொன்னாள்.

"என் நேரம் வரும்போது நீங்கதான் சொல்லணும். ஆள் தேடி யாரும் ஓடக் கூடாது."

தான்தான் முதலில் போகப்போகிறவன், அதனால் அந்தக் கவலையே வேண்டாம் என்றார் அவர். ஆண்பிள்ளைகள் எல்லாரும் இந்த ஒரு நம்பிக்கையில்தான் காலம் தள்ளுகிறார்கள்.

ஒருநாள் காலையில் கொட்டகையில் பால் கேனைத் தூக்கும்போது அவள் அப்படியே சரிந்தாள். உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் திரும்பவில்லை. எல்லாம் புரிந்தது, எல்லாரையும் தெரிந்தது; வாயைத் திறந்தால் 'ம்' என்ற ஒரு சத்தம்தான். பக்கவாதம் இன்னொரு முறை வந்தால் தாங்காது, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சாயங்காலம், கட்டிலில் கிடந்தபடி இடது கையால் ஜெபமாலையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் முழங்காலில் நின்றார். "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தவர் அடுத்த மூச்சில் 'சர்வேசுரனுடைய மாதாவே' என்று தன் பாதிக்குள் போய் விழுந்தார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி வழுக்கினார். வார்த்தை தெரியாமலில்லை; பிறந்ததிலிருந்து கேட்டுவருகிற வார்த்தைகள். ஆனால் நாக்கு அந்தப் பக்கம் நடந்து பழகியதேயில்லை. மூன்றாவது தடவையும் தடுமாறியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் இறங்கிக் காதுப் பக்கம் போனது. அவர் எழுந்து கொட்டகைக்குப் போய், செய்ய வேலை ஒன்றும் இல்லாமல் நின்றார்.

நகரத்தில் வேலையில் இருந்த மகன், இதற்கா இவ்வளவு கஷ்டம் என்று போனில் ஜெபமாலைப் பதிவு ஒன்றை அனுப்பிவைத்தான். பியானோ இசையோடு ஒரு பெண் அழகாகச் சொன்னாள். பால்காரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகள் ஞாயிறுதோறும் வந்து எடுத்துக் கொடுத்தாள்; அன்று மட்டும் அந்த முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் செத்துப்போ என்று யாரிடமாவது சொல்ல முடியுமா? தச்சர் வீட்டுக் கதை இந்த வீட்டிலும் நடந்துவிடும் என்ற பயம் அவர் சாப்பிட உட்கார்ந்தால்கூடக் கூடவே உட்கார்ந்தது.

ஆகவே டிராக்டரில் பழகினார். உழவு போகும்போது முதல் பாதி, திருப்பத்தில் மறுபாதி வந்துவிடாமல் வாயை இறுக்கி மூடிக்கொள்வது, வரும்போது மறுபடி முதல் பாதி. பக்கத்து நிலத்துக்காரர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, ஆமெனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்பது எளிது, வாழ்க என்று சொல்லிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பதுதான் கஷ்டம் என்று அவருக்குப் புரிந்தது. எந்த வீட்டுப் படி ஏறினாலும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றே பழகிய மனுஷன்.

ஒரு சாயங்காலம், ஒரு பத்து மணியை வழுக்காமல் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறை அவர் நிறுத்தியதும் அவளிடமிருந்து 'ம்… ம்… ம்' என்று வந்தது. கவனித்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது மறுபாதியின் ஓசை. அவருடைய பாதியை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் இன்னும் மேலே போனாள். அவர் முதல் பாதியைச் சொல்லும்போது கண்ணை மூடித் தலையைத் தொங்கப்போட்டு, வாயைக் கொஞ்சம் பிளந்து, குறட்டை விடுவதுபோல் ஒரு சத்தம் எழுப்பினாள். ஆமென் வரவேண்டிய இடத்தில் சட்டென்று தலையைத் தூக்கி "ம்" என்றாள். தன்னைத்தான் நடித்துக் காட்டுகிறாள் என்று புரிய அவருக்கு ஒரு நிமிஷம் ஆனது. சிரித்தார், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் கோணல் வாயோடு பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் சிரிப்பினால் ஜெபம் பாதியில் நின்றது அன்றுதான். அவளிடம் தனக்கு எவ்வளவு பிரியம் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

மழைக்காலம் முடிந்து நிலம் காயத் தொடங்கியபோது இரண்டாவது முறை வந்தது. சாமியார் வந்து எண்ணெய் பூசி, நற்கருணை அப்பத்தின் சிறு துணுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மகனும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் பால் கறந்துவிட்டு அவர் உள்ளே வந்தபோது அவளுடைய மூச்சு மாறியிருந்தது. ஒன்று வந்தால் அடுத்தது வர வெகு நேரம் ஆனது. மகன் போனைக் கையில் எடுத்து, சாமியாரைக் கூப்பிடவா, ஆம்புலன்சுக்குச் சொல்லவா என்று தடுமாறினான்.

"யாரும் எங்கயும் போக வேண்டாம்" என்றார் அவர். "எல்லாரும் இங்க வாங்க."

கையைக்கூடக் கழுவவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுடைய இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நாக்கு வழி தவறவில்லை. பிள்ளைகள் இருவரும் பதில் சொன்னார்கள். முதல் சில மணிகளுக்கு அவளுடைய உதடும் அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. அவர் சொல்லிக்கொண்டே போனார். 'எங்கள் மரண நேரத்திலும்' என்று பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் அந்தக் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். தூக்கத்தில்கூடத் தான் சொல்லிவந்த அந்த வார்த்தைகளை அன்றுதான் வெளியிலிருந்து கேட்டார்.

ஜெபமாலையின் ஒரு மணியில் அவளுடைய மூச்சு வெளியே போனது, திரும்பி வரவில்லை. அவர் நிறுத்தவில்லை. "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி முதல் பாதியை முழுவதும் சொல்லி முடித்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். மகள் குனிந்து தாயின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவருடைய தோளில் கை வைத்தாள்.

"அப்பா, அம்மா போயிட்டாங்கப்பா."

"தெரியும்மா" என்றார் அவர். "நீ பதில் சொல்லு."