அக்கா உயரத்துக்கு வைத்த சீட்

வெள்ளி, காலை 5.40. மேட்டுப்பாளையத்தில் சைக்கிளைக் குன்னூர் பேருந்தின் கூரையில் கட்டினார்கள். எனக்குப் பதினொரு ரூபாய், சைக்கிளுக்கு ஐந்து.

கோவையில் நானே மாற்றியவை: பின்சக்கரத்தில் பதினெட்டுப் பல் பிரீவீலுக்குப் பதில் இருபத்திரண்டு (ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கும்), செயினில் கூடுதலாக இரண்டு கண்ணி, நான்கு பிரேக் கட்டைகளும் புதிது. சீட்டை அக்காவின் கால் அளவுக்கு உயர்த்தியிருந்தேன். அவள் என்னைவிட அரை அடி உயரம்.

அக்கா சரசு, குன்னூருக்கு மேலே ஒன்பது கிலோமீட்டரில் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் இருக்கிறாள். தேயிலை விலை விழுந்ததிலிருந்து மாமா வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. குன்னூர் தையல் கடையில் அக்காவுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்கு இறங்குவதாக முடிவு. காலைப் பேருந்து போன மாதமே நின்றுவிட்டது. ஆகவே சைக்கிள். காலையில் ஓட்டி இறங்குவது, மாலை ஆறு மணிப் பேருந்தின் கூரையில் போட்டு ஏறுவது. மேலே இருக்கும் பால்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

குன்னூரிலிருந்து, எஸ்டேட்டுக்குத் திரும்பும் தேயிலை லாரி ஒன்றில் சைக்கிளோடு ஏறினேன்.

"சைக்கிளாங்க? இந்த மலைக்கா?" என்றார் டிரைவர். "இறங்கறப்ப நீங்க அதை ஓட்டுவீங்க. ஏறறப்ப அது உங்களை ஓட்டும்."

வெட்டிக் கவாத்து செய்யாத தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. பறிப்பதற்கு யாரும் இல்லை.

சனி, 7.05. ஒத்திகை. அக்கா ஓட்ட, நான் கேரியரில். வளைவுகளில் பிரேக் கட்டை சூடாகி ரப்பர் வாசனை வந்தது, ஆனால் பிடித்தது. "ஏய், கண்ணைத் திறடீ!" என்று அக்கா சிரித்துக்கொண்டே கத்தினாள். 7.38க்குக் கடை வாசல். முதலாளியம்மா அவளுக்குரிய மிஷினைக் காட்டினார். அக்கா அதன் சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்தாள்.

பகலெல்லாம் கடையில் இருந்துவிட்டு, மாலை 5.50க்குப் பேருந்து நிலையம். ஆறேகால் ஆகியும் வண்டி வரவில்லை. ஊட்டி வண்டியின் கண்டக்டரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, எஸ்டேட் வண்டி?"

"அது நேத்தோட நின்னுபோச்சுங்க. ஃபேக்டரியில சாயங்கால ஷிப்டே இல்லையாம். வெறும் சீட்டையா மேல ஏத்துவாங்க?" பிறகு கூரையைக் காட்டினார். "வேணும்னா இதுல போடுங்க, ஊட்டியில இறக்கிவிடறேன்."

ஊட்டிப் பாதை எஸ்டேட் பக்கமே போகாது. அக்கா சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு பல்லும் முதல் வளைவு வரைதான் உதவின. மீதி எட்டு கிலோமீட்டரும் பனிமூட்டத்தில் மாறி மாறித் தள்ளினோம். பாதி வழியில் காட்டெருமை சாலையில் நின்றது. அது நகரும்வரை ஓடைக் கல்வெர்ட்டின் சுவரில் உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு நாளைக்குன்னா தள்ளிரலாம் கண்ணு," என்றாள் அக்கா. "தெனமும்னா?"

லயம் சேரும்போது 8.50. மாமா சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "சாமான் ஏத்த லாரிக்குச் சொல்லிடறேன்," என்றார்.

ஞாயிறு, காலை 9.00. அக்கா சைக்கிளை என் பக்கம் நகர்த்தினாள். "நீயே கொண்டுபோ. திருப்பூர்ல கம்பெனி வண்டியே வூட்டு வாசலுக்கு வருமாம்."

கோவைச் சமதளத்தில் சைக்கிள் போன வழியே திரும்பி வரும். நான் பற்களை எண்ணினேன், கால் அளவு எடுத்தேன். ஒரு பேருந்து நிற்கக்கூடும் என்பதை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

லயத்தை விட்டு முதல் வளைவு தாண்டி, சைக்கிளில் ஏறிப் பார்த்தேன். பெடல் எட்டவில்லை. பையில் ஸ்பேனர் இருந்தது. சீட்டை இறக்க ஒரு நிமிடம் போதும். எடுக்கவில்லை. ஒன்பது கிலோமீட்டர் இறக்கத்தையும் பிரேக்கைப் பிடித்தபடி தள்ளிக்கொண்டே நடந்தேன்.