அளவுக்காரி கேட்ட இரண்டு மாதம்

கடையில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். பிள்ளைகளின் செருப்பும் ஷூவும் மட்டும் விற்கிற கடை. பத்தொன்பது வருஷமாக ஒரே முக்காலி, ஒரே அளவுப் பலகை. வந்த பிள்ளையின் குதிகாலைப் பலகையின் விளிம்பில் பொருத்தி, முன்னால் இருக்கும் கட்டையை நகர்த்துவாள். எண்ணைக் கண் பார்ப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிடும். அவள் பேச்சு அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். நாலு பேர் கூடிவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கண் மட்டும் சும்மா இருக்காது. எந்தப் பிள்ளை ஷூவுக்குள் கட்டை விரலை மடக்கிக்கொண்டு "வலிக்கலை" என்று புளுகுகிறது என்பது ஷூவின் தோலுக்கு மேலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

எதையும் முடிவு செய்ய முடியாமல் திணறுகிற அம்மாக்களுக்கென்று அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "ரெண்டு வாரம் வீட்டுக்குள்ள போட்டுப் பாருங்க. ஒத்துவரலைன்னா எடுத்துட்டு வாங்க." அந்த வாக்கியத்தால் கடைக்கு நல்ல பெயர். பிறகு அவள் காலையே வாரிவிட்டதும் அதே வாக்கியம்தான்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். பிள்ளையின் உடம்பு மாறப்போகிறது என்றால் முதலில் ஓடுவது பாதம். உயரம், குரல், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். நாலு மாதத்தில் இரண்டு எண் தாண்டிய பிள்ளையைப் பார்த்தால், "அடுத்த வருஷம் உங்க தோளுக்கு வந்துடும் பாருங்க" என்பாள். அம்மாக்கள் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில், சின்னதின் காலை அளந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்திநாலு முப்பத்தாறாகியிருந்தது.

அவளுக்குப் பிள்ளைகள் இரண்டு. பெரியதுக்குப் பதினேழு, சின்னதுக்குப் பதினொன்று. இரண்டும் பெண்ணாகப் பிறந்தவை. சின்னது நாலு வயதில் தன்னைப் பையன் என்றது, சிரித்தார்கள். ஏழு வயதில் சொன்னது, அதட்டினார்கள். ஒன்பது வயதில் சொல்வதை நிறுத்திக்கொண்டது; அப்போதுதான் பயந்தார்கள். குளியலறைக் கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் குளிக்கும். கொளுத்துகிற வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன். நீச்சல் வகுப்பு என்றால் காய்ச்சல். நடிப்பில்லை, அவளே நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சுட்டது.

அது சொல்வதை நிறுத்திய நாளிலிருந்து வீட்டில் ஓர் எழுத்துக்காகச் சண்டை. பெரியது திடீரென்று ஒருநாள் "வாடா" என்று கூப்பிடத் தொடங்கியது. அப்பா "வாடி"யை விடவில்லை. முன்பைவிட அழுத்திச் சொன்னார். ஊரில் எத்தனையோ அம்மாக்கள் மகளைக் கொஞ்சும்போது டா போடுகிறார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை. இந்த வீட்டில் அது கொஞ்சலாக இல்லாமல் வழக்காகிவிட்டது. அளவுக்காரி இரண்டுக்கும் நடுவில் புகுந்து நழுவினாள். "வாப்பா", "கண்ணு", "சாப்பிட வா". மற்றபடி சின்னது.

"சின்னது வந்துச்சு, சின்னது போச்சு. நான் என்ன நாற்காலியாம்மா?" என்று ஒருநாள் கேட்டது.

"நாற்காலியா இருந்தா ஒரு இடத்துல உக்காந்திருக்குமே" என்று சமாளித்தாள். சின்னதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குத்தான் உள்ளே சுருக்கென்றது.

பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஒன்றரை வருஷமாக மன ஆலோசனையும் பரிசோதனையும் நடந்துகொண்டிருந்தன. அந்த ஞாயிற்றுக்கு அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்தார்கள். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற இளைஞர்.

"மாற்றம் ஆரம்பிச்சிடுச்சுன்னு எதை வச்சு சொல்றீங்க?"

"ஷூ அளவ வச்சு, டாக்டர்."

அவர் சிரித்தார். பரிசோதனைத் தாளைப் புரட்டிப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ரத்தப் பரிசோதனையும் அதைத்தான் சொல்லுது" என்றார்.

பிறகு விளக்கினார். சில மாதங்களுக்கு ஒருமுறை ஓர் ஊசி. மார்பு வளர்வது, மாதவிலக்கு, எல்லாம் அப்படியே நிற்கும். பிள்ளைக்கு யோசிக்கக் கொஞ்சம் காலம் கிடைக்கும். நிறுத்தினால் உடம்பு விட்ட இடத்திலிருந்து தொடரும். எலும்பின் பலத்தை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதில் தெரியாதவையும் உண்டு. அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதம் தொடங்கலாம்.

அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒரு குறிப்பேட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதிக்குப் பதில் வந்தது, பாதிக்கு "அது இன்னும் உறுதியாத் தெரியாது" என்று வந்தது. குறிப்பேட்டை மூடிவிட்டு மனைவியைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார். சின்னது பார்க்கவில்லை. ஷூவுக்குள் அதன் கட்டை விரல் மடங்கியிருந்தது. அவள் அதைக் கண்டாள். கண்ட பிறகும் வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது.

"ரெண்டு மாசம் பார்த்துட்டு வர்றோம், டாக்டர்."

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் வெடித்தது.

"நிறுத்தி வைக்கிறதுன்னா சுலபம்னு நினைக்கிறாங்க" என்றார் அப்பா. "லிஃப்டை ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திப் பாரு. வெளியில நிக்கிறவனுக்குத்தான் அது நிறுத்தம். உள்ள இருக்கிறவன் மாட்டிக்கிட்டான்."

"தப்பான மாடிக்குப் போற லிஃப்டா இருந்தா?" என்றது பெரியது. "உள்ள இருக்கிறவன் சிவப்புப் பொத்தானை அமுக்கிக்கிட்டே இருக்கான். நீங்க வெளியில நின்னு வகுப்பு எடுக்கறீங்க."

"வாயப் பாரு. அந்த எலும்பு உன் எலும்பா? நாளைக்கு முப்பது வயசுல முதுகு வலிக்குதுன்னு வந்து நின்னா நீயா பதில் சொல்லுவ?"

"நாளைக்கு அப்பா, நாளைக்கு. இன்னைக்கு அவன் குளிக்கவே மாட்டேங்கறான்."

சின்னது தட்டோடு எழுந்து அடுக்களைக்குள் போய் நின்றபடி சாப்பிட்டது.

அப்பா சொன்னதும் பெரியது சொன்னதும் அளவுக்காரிக்குச் சரியாகவே பட்டது. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஒருவராவது அபத்தமாகப் பேசியிருந்தால் மற்றவர் பக்கம் சாய்ந்திருப்பாள்.

கடையிலும் நிம்மதியில்லை. தொலைக்காட்சியில் அதே விவாதம் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மதியச் சாப்பாட்டில் கிடங்குக்காரர் ஆரம்பித்தார். "என் பேரன் அஞ்சு வயசுல தன்னை டைனோசர்னு சொன்னான். வாலா ஒட்டிவிட்டோம்?"

"உங்க பேரனுக்கு வால் ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கெனவே இருக்கு" என்றாள் கல்லாவில் உட்காரும் அக்கா. "நேத்து டிவியில நாலு பேர் கத்தினாங்களே, நாலும் நரைச்ச தலை. ஒருத்தராவது அப்படி ஒரு பிள்ளைகிட்டப் பேசியிருப்பாங்களா?"

"பிள்ளைக்கு என்னம்மா தெரியும்?"

"உங்களுக்கு என்ன தெரியும்? சும்மா இருங்கண்ணே. அளவுக்காரி, நீ சொல்லு. தினம் நூறு பிள்ளைங்க காலைப் பிடிக்கிற."

"எனக்கென்னக்கா தெரியும்" என்று டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. ஓங்கி ஒரு குத்து விட்டாள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த இரண்டு மாதமும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்ப்பது தவிர வேறென்ன தெரியும் அவளுக்கு? இரண்டு பனியன் மூன்றானதைப் பார்த்தாள். சின்னது கூன் போட்டு நடப்பதைப் பார்த்தாள். புருஷன் இணையத்தில் எதையெதையோ படித்துக் கண் சிவந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். அறுபதாவது நாள் காலையில் எழுந்தபோது மனசு தெளிந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிடலாம். தப்பானால் திட்டு வாங்கிக்கொள்ளலாம். புருஷனிடம் சொன்னாள். அவர் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிவிட்டு, "நீ போட்டா நானும் போடறேன்" என்றார். பேனாவைக்கூடச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் வேறு டாக்டர் இருந்தார். கண்ணாடி போட்ட, வயதான அம்மா.

"மூணு வாரம் முன்னாடி அரசாங்க உத்தரவு வந்திருக்கு" என்றார். "புதுசா எந்தப் பிள்ளைக்கும் இந்த ஊசியை ஆரம்பிக்கக் கூடாது. ஏற்கெனவே போட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு மட்டும் தொடரும். இருக்கிற ஆதாரம் போதாது, இன்னும் ஆய்வு வேணும்னு முடிவு பண்ணியிருக்காங்க."

"நாங்க போன தடவையே வந்தோமே, டாக்டர்."

"பார்த்தேன். நீங்கதான் ரெண்டு மாசம் கேட்டிருக்கீங்க."

"ஆய்வு எப்ப முடியும்?"

"வருஷக்கணக்கு ஆகலாம். அதுவரைக்கும் மன ஆலோசனை கொடுப்போம். காத்திருக்கணும்."

ஆயுசிலேயே சத்தம் போடாதவள் எழுந்து நின்றுவிட்டாள். "யாரும்மா காத்திருக்கணும்? நான் காத்திருப்பேன். இவர் காத்திருப்பார். நீங்க மேசையில உக்காந்து காத்திருப்பீங்க. அந்தக் காலு காத்திருக்குமா? போன தடவை அந்தத் தம்பி டாக்டர் அடுத்த மாசமே ஆரம்பிக்கலாம்னார். இப்ப நீங்க ஆதாரம் இல்லைங்கறீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதானே? ரெண்டு மாசத்துல அது என்ன மாறிப்போச்சு?"

"மருந்து மாறலை" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. "எங்களுக்கு எவ்வளவு தெரியாதுன்னு இப்ப ஒத்துக்கிட்டோம். தெரிஞ்ச மாதிரி நடிச்சு ஊசி போட்டிருந்தா, நாளைக்கு இதே நாற்காலிக்கு முன்னால நின்னு இதைவிடச் சத்தமாக் கேட்டிருப்பீங்க."

அதுவும் சரியாகவே இருந்தது. அவளுக்கு மேசையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் புருஷன் பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் சொன்னார். "ஒரு விதத்துல பாரம் குறைஞ்சது. நம்ம கையில இல்லைன்னு ஆயிடுச்சு."

"யாருக்குக் குறைஞ்சது?" என்றாள். அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். சின்னது இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, காலாட்டாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியதுதான் விடவில்லை. "ரெண்டு வாரம் போட்டுப் பாருங்கன்னு கடையில சொல்லுவியே, அதையே சொல்லிட்டு வந்திருக்கே இல்ல?" அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை பெரியது சின்னதைக் கடையில் கொண்டுவந்து விட்டுப் போனது. கடையில் வலது சுவர் பையன்களுக்கு, இடது சுவர் பெண்களுக்கு. பட்டையும் நிறமும்தான் வேறு. இரண்டையும் தைக்கிற கால் அச்சு ஒன்றுதான் என்பது அளவுக்காரிக்குத் தெரியும். இதுவரை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சின்னது வலது சுவருக்குப் போய்க் கறுப்பு ஷூ ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. கல்லா அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து ரசீது எழுதினாள்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டாள். குதிகாலைப் பொருத்தினாள். கட்டையை நகர்த்தினாள். இந்த முறை வாய் எண்ணை முந்திக்கொள்ளவில்லை. முப்பத்தேழு.

"இன்னும் எவ்வளவும்மா வளரும்?" என்று சின்னது மெல்லக் கேட்டது.

பத்தொன்பது வருஷமாக எல்லா அம்மாக்களும் கேட்ட கேள்விதான். ஒவ்வொருத்திக்கும் பதில் வைத்திருந்தாள்.

"தெரியலடா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது. சின்னது நிமிர்ந்து பார்த்தது.

அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒன்றரை வருஷம் அலைந்து, இரண்டு டாக்டர்களைக் கேட்டு, இவ்வளவு சண்டை போட்டு, கடைசியில் கொடுப்பதற்குக் கையில் மிஞ்சியது ஓர் எழுத்து. அது எந்த வளர்ச்சியையும் நிறுத்தாது.

"திரும்பச் சொல்லு" என்றது.

"என்னத்த?"

"இப்பச் சொன்னியே."

"போடா. காலை நீட்டு."

அதே எண்ணிலிருந்த கறுப்பு ஷூவை மாட்டி, நுனியில் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே விரல் மடங்கியிருந்தது.

"மடக்காத. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும்."

சின்னது விரலை நீட்டியது.

"வலிக்குது" என்றது.

அவள் ஷூவைக் கழற்றிவிட்டு, முப்பத்தெட்டு எடுக்க வலது சுவருக்குப் போனாள்.